வியன்னாவில் நான் விழுங்கிய சபாஷ்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நாலு நான் பெற்றது. ஒன்று என் கொழுந்தனார் பிள்ளை, தாயில்லாமல் போனதால் அதுவும் என்னிடமே வளர்ந்தது. பெற்றதென்றும் வளர்த்ததென்றும் நான் பிரித்துப் பார்த்தது கிடையாது. வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன மாவு மில்லை நான்தான் நடத்தினேன். படிப்பு மூணாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தென்காசிப் பக்கத்தில் எங்கள் மில் மாவு என்றால் அதற்கு ஒரு பேர் உண்டு.

இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் கடைசி மகள் வீட்டில் இருக்கிறேன். நான் சொல்லப்போவது மூன்று வருஷத்துக்கு முன்னால், இங்கே பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்த சமயம், வியன்னா என்ற ஊரில் நடந்தது. என் மாப்பிள்ளைக்கு என் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்திருக்க வேண்டிய நேரம் அது. வரவில்லை. யார் மேலும் குற்றம் இல்லை. ஆனாலும் அது என் நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மாப்பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இந்த ஊர் வெள்ளைக்காரர். செல்லோ வாசிக்கிறவர். செல்லோ என்றால் பிடில் மாதிரிதான். ஆனால் உட்கார்ந்திருக்கும் ஆளுடைய தலை உயரத்துக்கு இருக்கும். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு வில் போட வேண்டும். மகள் நர்ஸ். அவர் தன் தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பழக்கமாம். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவள் போனில் சொன்ன அன்று நான் மில்லை ஓட்டவில்லை. ஊரில் மாவுக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் போனார்கள். என் கோபம் அவ்வளவுதான். மறுநாள் மில் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் மாமியார்க்காரி மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று பேசமாட்டாள். அவர் கூடத்தில் இருந்தால் இவள் அடுக்களைக் கதவோரம் நின்றுகொண்டு, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்லிவிடுவாள். அது மரியாதை. என் மூத்த மாப்பிள்ளைகள் இருவரிடமும் இன்றுவரை அப்படித்தான். ஹில்ஸ்பரோ வீட்டில் அடுக்களைக்குக் கதவே கிடையாது. எல்லாம் சேர்த்து ஒரே ஹாலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் நான் ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்றுகொள்வேன். அவர் காலையில் "குட் மார்னிங், அம்மா" என்பார். நான் தலையாட்டுவேன். எங்கள் பேச்சு அதோடு முடிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது இரண்டாவது காரணம்தான். நான் ஒதுங்கி நிற்பது மரியாதை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் அவர் வாசிப்பதை நான் கேட்காத நாள் கிடையாது. கராஜில்தான் அவர் சாதகம் பண்ணுவார். கராஜுக்கும் துணி துவைக்கிற அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். அவர் வில்லைத் தொட்டதும் நான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். மடித்து முடித்த துண்டை உதறி, திரும்ப மடிப்பேன். மில் ஓடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே மிளகாய் போகிறதா பச்சரிசி போகிறதா என்று சொல்கிற காது எனக்கு. அவர் வாசித்தது எனக்குப் புதிய சங்கீதம்தான். ஆனால் எது நன்றாக விழுந்தது, எதில் அவருக்கே திருப்தி இல்லை என்பது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

நான் பாட்டுக் கேட்டு வளர்ந்த முறை வேறு. எங்கள் ஊர்க் கோயிலில் நாயனக் கச்சேரி என்றால் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு பிடி நன்றாக விழுந்தால் கையைத் தூக்கி, "சபாஷ் ராசா!" என்று சத்தம் கொடுப்பேன். பொம்பளை சத்தம் போடுகிறாளே என்று சிரித்தவர்கள் உண்டு. நாயனக்காரர் சிரிக்கமாட்டார். சத்தம் வந்த பக்கம் திரும்பி, அதே பிடியை எனக்காக இன்னொரு தரம் வாசிப்பார். முதலில் வாசித்ததைவிட அது அழகாக இருக்கும். கூட்டம் கம்மென்று இருந்தால்தான் அவருக்கு முகம் செத்துப்போகும். இந்தக் கடைசி மகள் அப்போது சின்னப்பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கம் தாங்காமல் என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். பெரியவளான பிறகு அதையே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மாப்பிள்ளை வாலிப வயதில் வியன்னாவில் சங்கீதம் படித்தவர். கூடப் படித்த மூன்று பேரோடு சேர்ந்து, அங்கே ஒரு சின்ன தேவாலயத்தில் ஒரு கச்சேரி வாசிப்பது என்று ஏற்பாடாயிற்று. மகளும் பேத்தியும் கூடப் போவதாகப் பேச்சு. நான் வீட்டில் இருந்துகொள்கிறேன், பக்கத்திலேயே தெரிந்த குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை நேராக ஃப்ரிட்ஜ் பக்கம் வந்து என் எதிரே நின்றார்.

"அம்மா, கம். ப்ளீஸ்."

நான் பதறி மகளைப் பார்த்தேன். "ஏட்டி, என்ன இது? முன்னாலயே வந்து நிக்காரு!"

"உன்னயத்தாம்மா கூப்பிடுதாரு. நீ கண்டிப்பா வரணுமாம்."

"நான் என்னத்துக்கு? அங்க வந்து எனக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்க துணி மடிக்க ஆள் வேணுமாம்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் நிற்பது இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! வேறு வழியில்லாமல் சரி என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

ப்ளேனில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிப்போயிற்று. இங்கே வசந்தம் தொடங்கிய நேரம், அங்கே இலை கொட்டுகிற காலம். சேலைக்கு மேல் மகளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, டிராமில் ஏறி, குதிரை வண்டி, பெரிய பெரிய கட்டடம் எல்லாம் பார்த்தேன். எங்களுக்கு எடுத்திருந்த வீடு மேல் மாடி. லிஃப்ட் கிடையாது. பேத்தி கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்று நானே ஏறினேன்.

கச்சேரி அன்று மாப்பிள்ளை காலையிலேயே ஒத்திகைக்குப் போய்விட்டார். மத்தியானம் மகள் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அம்மா, சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. இது நம்ம கோயில் கச்சேரி இல்ல. உள்ள போய் உக்காந்தா ஒரு சத்தம் வரக்கூடாது."

"நான் என்ன கைப்பிள்ளையா?"

"வளையலக் கழத்தி வச்சிரு. தாளம் போடாத. தலைய ஆட்டாத."

"தலைய ஆட்டுனா கூடவா சத்தம் வரும்?"

"நாம முன்னால உக்காந்திருப்போம். வாசிக்கிறவங்களுக்குக் கவனம் சிதறும். நடுவுல நடுவுல நிறுத்துவாங்க. முடிஞ்சிட்டுன்னு நெனச்சுக் கை தட்டிராத. எல்லாரும் தட்டுனாத்தான் நீயும் தட்டணும்."

"இருமல் வந்தா?"

"முழுங்கிரு."

"இருமல எப்படிட்டி முழுங்குறது? இட்லியா அது?"

கட்டிலில் படுத்திருந்த பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது. தாய் சொல்லி என் நாயனக் கச்சேரிக் கதையெல்லாம் அவளுக்கும் தெரியும். விரலை ஆட்டி, "ஆச்சி, நோ சபாஷ், ஓகே?" என்றாள்.

"ஏளா, நீயுமா? சரி, இந்தா, வாயைத் தைச்சாச்சு" என்று ஊசியால் தைக்கிற மாதிரி காட்டினேன். மூன்று பேரும் சிரித்தோம். மாப்பிள்ளை அந்த நேரம் அறையில் இருந்திருந்தால் அங்கேயே எல்லாம் சரியாகியிருக்கும். இதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தேவாலயம் சின்னதுதான். கல் தரை, கல் சுவர், மர பெஞ்சு. குளிர் பாதத்தில் ஏறியது. முன்வரிசையில் எங்களுக்கு இடம். எனக்கு மறுபக்கத்தில் கம்பளித் தொப்பி வைத்த ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும். பேத்தி கோட் ஜிப்பை இழுத்த சத்தத்துக்கே அந்த அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சரிதான், மகள் சொன்னது நிஜம் என்று நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மைக் கிடையாது. எனக்கு அதுவே ஆச்சரியம். நாலு நாற்காலி, நாலு பேர். இரண்டு பேரிடம் பிடில், ஒருவரிடம் அதைவிடச் சற்றுப் பெரிய பிடில், கடைசியில் என் மாப்பிள்ளை. அவரைக் கறுப்புக் கோட்டில் பார்த்ததும் யாரோ போல இருந்தது. உட்காருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தார்.

முதலில் வேகமாக வாசித்தார்கள். குழாயடியில் நாலு பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. கொஞ்சம் பொறுத்துக் கேட்டதும், அவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வது புரிந்தது. நிறுத்தினார்கள். யாரும் கை தட்டவில்லை. நானும் தட்டவில்லை. மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அடுத்தது மெதுவான பாட்டு. மற்ற மூன்று பேரும் சத்தத்தைத் தணித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வில்லைக் கனமான நரம்பில் வைத்து இழுத்தார்.

கராஜ் சுவர் வழியாக நான் எத்தனையோ நாள் கேட்ட அதே பாட்டுதான். சுவர் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மில் ஓடும்போது தரையின் அதிர்வு கால் வழியாக ஏறுமே, அதுபோல அந்த நாதம் பெஞ்சு வழியாக என் உடம்பில் ஏறியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, "குட் மார்னிங்" தவிர ஒன்றும் சொல்லாத மனிதர் அன்று என்னிடம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஆம்பிளை வாய் திறந்து யாரிடமும் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. ஆசை இருந்தது. ஏதோ ஒரு பயம் கூட இருந்தது மாதிரி பட்டது.

ஒரு இடத்தில் அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறினார். மேலே போய் நின்றார். பிறகு அவசரமே இல்லாமல் வழிந்து வழிந்து இறங்கினார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சொல் தொண்டை வரை வந்துவிட்டது. கை தானாக மேலே போயிற்று. மகள் என் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்து அமுக்கினாள். தொப்பிக்கார அம்மாள் திரும்பினாள். நான் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் பிடில் வாசித்த பெண்ணும் என்னைப் பார்த்தாள். வில் நாலும் நரம்பைவிட்டு எழும்பி, ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றது. அந்த அமைதி எனக்காகத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஏதோ அசைந்து அவர்களைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பெற்ற மகளை, அவள் புருஷனை இத்தனை பேர் நடுவில் தலைகுனிய வைத்துவிடக் கூடாதே என்று குனிந்து என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நிமிர்ந்தபோது அவர்கள் மேலே வாசித்துப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார். கச்சேரி முடிகிறவரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் எழுந்து கை வலிக்கத் தட்டினேன். அத்தனை கையில் என் கை எது என்று யாருக்குத் தெரியும்?

வெளியே வாசலில் அவர் வந்தார். முகம் களைத்திருந்தது. "அம்மா, ஓகே?" என்று கேட்டார். நான் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, பழக்க தோஷம், மகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "ஏட்டி, சாப்பிட்டாரான்னு கேளு. முகம் வாடிக் கெடக்கு" என்றேன். அவள் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே "ஓகே, ஓகே" என்று சொல்லிவிட்டு செல்லோவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நானோ வழி நெடுக மகளிடம், "பாத்தியா, ஒரு சத்தம் வந்துச்சா என்கிட்ட இருந்து?" என்று பெருமையடித்துக்கொண்டு வந்தேன்.

ஆக்லாந்துக்குத் திரும்பிய பிறகு கராஜிலிருந்து வரும் சத்தம் குறைய ஆரம்பித்தது. அவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். மில் பெல்ட் நழுவுகிற மாதிரி அந்த இடத்தில் நாதம் வழுக்கும். சில நாள் எடுத்த உடனேயே வைத்துவிடுவார். ஏதோ புதிய பாட்டு, கஷ்டமாக இருக்கிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மகள் சொன்னாள். இடது கையில் கடைசி இரண்டு விரலும் தானாக மடங்கிக்கொள்கிறதாம். வலி கிடையாது. டீ கப் பிடிக்கும், கார் ஓட்டும், சட்டைப் பித்தான் போடும். செல்லோ நரம்பில் வைத்தால் மட்டும் மடங்கும். வாத்தியக்காரர்களுக்கு அபூர்வமாக இப்படி வருமாம். பெரிய பெரிய டாக்டர்களையெல்லாம் பார்த்தார்கள். தேறவில்லை. இப்போது விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் லாரிகளை நேரத்துக்கு அனுப்பி வைக்கிற வேலைக்குப் போகிறார். அங்கே அவரை நல்லபடியாகத்தான் நடத்துகிறார்கள். கராஜில் செல்லோ பெட்டிக்குள் இருக்கிறது. நான் துணியை இப்போது ஹாலில் உட்கார்ந்து மடிக்கிறேன்.

போன வருஷம் அந்த முதல் பிடில் வாசித்த பெண் இவரைப் பார்ப்பதற்கென்றே வியன்னாவிலிருந்து வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் பண்ணியிருந்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் சொதி ஊற்றிக்கொண்டு, என்னைக் கையால் காட்டி, சிரித்தபடி இங்கிலீஷில் மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"என்னட்டி கேக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா உன் முகம் இப்படிப் போகுது? சொல்லு."

"அன்னைக்கு... ஒனக்கு வாசிப்பு பிடிக்கலையான்னு கேக்கா."

"பிடிக்கலன்னு நான் எப்போ சொன்னேன்?"

மகள் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கச்சேரிக்கு முன்னால இவரு அவங்க மூணு பேருகிட்டயும் சொல்லி வச்சிருந்தாராம். மெதுவாப் போற அந்த எடத்துல, முன்னால இருந்து ஒரு அம்மா சத்தமாக் கூப்பிடுவாங்க, பயந்து நிறுத்திராதீங்க, அது என் மாமியார்னு. நீ கூப்பிட்டா அந்த எடத்த ஒனக்காகத் திரும்ப வாசிக்கணும், எல்லாரும் கூட வாங்கன்னு கேட்டுக்கிட்டாராம். காலைல ஒத்திகையில அப்படித் திரும்ப வாசிச்சுக்கூடப் பாத்தாங்களாம்மா. நாலு பேரும் ஒனக்காக நின்னாங்களாம். சத்தம் வரல. அதனால மேல போயிட்டாங்களாம்."

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே" என்றார். அந்தப் பெண் தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தவித்துப்போனாள். அவளே இன்னொன்றும் சொன்னாள், அதையும் மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். விரல் அப்போதே மடங்க ஆரம்பித்துவிட்டதாம். பெண்டாட்டியிடம் கூடச் சொல்லாமல் விரலை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்திருக்கிறார். நன்றாக வாசிக்கிற கடைசிக் கச்சேரி அதுவாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் என் எதிரே வந்து நின்று கூப்பிட்டார்.

விருந்தாள் போன பிறகு மகள் பாத்திரம் கழுவினாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன்.

"அன்னைக்கு நீ ஏம்மா சும்மா இருந்த?"

"ஏட்டி, நீதான வாயத் தெறக்காதன்னு சொன்ன?"

"ஆமா, நாந்தான் சொன்னேன்." அவள் குழாயை மூடிவிட்டு அழுதாள். "இத்தன வருஷத்துல நான் சொல்லி நீ எத கேட்டிருக்க? மில்ல வித்திருன்னு சொன்னேன், கேட்டியா? ஒத்தையில இருக்காதன்னு எத்தன வருஷம் சொன்னேன், கேட்டியா? அன்னைக்கு மட்டும் ஏம்மா கேட்ட?"

அவள் அவர் ஊர் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் அதைக் காப்பாற்றினேன். அவரோ என் ஊர் முறையை எனக்காகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அந்த முறையைச் சொல்லிக் கொடுத்ததும் இவள்தான், சிரிப்புக் கதையாக. சபாஷ் என்று சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டு வாங்க அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. கேட்டு வாங்கினால் அது சபாஷா? அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். அவர் பெட்டியைத் திறந்து செல்லோவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாசிக்காவிட்டாலும் துடைத்து வைப்பார். நான் முதல் தடவையாக அவர் எதிரே போய் நின்றேன். "அன்னைக்கு நீங்க வாசிச்ச மாதிரி என் ஆயுசுல கேட்டதில்லன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்றேன். பேத்தி தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். பிறகு நானே, "சபாஷ்" என்றேன். கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்த மாதிரி வந்தது அது. சத்தமும் இல்லை, உயிரும் இல்லை.

அவர் எழுந்து நின்றார். கச்சேரியில் குனிகிற மாதிரி லேசாகக் குனிந்து, "தேங்க் யூ, அம்மா" என்றார். கண் கலங்கியிருந்ததா, எனக்குத்தான் கலங்கித் தெரிந்ததா, தெரியவில்லை. அவர் கையில் வில் இல்லை, துடைக்கிற துணிதான் இருந்தது. எதைத் திரும்ப வாசிப்பார்?

எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை, மகள் மேலும் இல்லை. எல்லோரும் நல்லதை நினைத்துத்தான் செய்தோம். ஆனாலும் மனம் ஆறவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பிள்ளைகளை வளர்த்தவள் நான். வாழ்நாள் முழுக்க யாருக்கும் அடங்காத இந்த வாய் அந்த ஒரு மூச்சு நேரம் அடங்கிப்போய்விட்டது. இப்போது யார் எது செய்தாலும், ரசம் நன்றாக இருந்தாலும், பஸ் டிரைவர் நான் இறங்குகிறவரை பொறுமையாக நின்றாலும், வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குத் தமிழ் புரியாது, புரியாவிட்டால் போகிறது. மனிதர் தம்மிடம் இருப்பதையெல்லாம் எடுத்து நம் முன்னால் வைத்தால், அது நம்மிடம் வந்து சேர்ந்தது என்று அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் அதைத் தனியாகவே திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறார். வியன்னாத் தெருவில் செல்லோவைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போன அந்த முதுகு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கண்ணு, இங்க வா. சனிக்கிழமை வகுப்புல தமிழ் வாசிக்கப் படிச்சிருக்கேல்லா, இத வாசி பாப்போம். ஆச்சி எழுத்து கோணலாத்தான் இருக்கும், கூட்டி வாசிச்சுக்கோ. அப்பா வேலை முடிஞ்சு வந்துட்டாரு, அவரையும் பக்கத்துல உக்காரச் சொல்லு. ஒவ்வொரு வரியா வாசி, வாசிச்சு இங்கிலீஷ்லயும் சொல்லு. ஒண்ணையும் விட்டுராத. அவர் முகத்த நான் பாத்துக்கிடுதேன், நீ வாசி.